கூரை மேல் கல்யாணப் பாய்

ஊர்ப் பெயர் போன். தொலைபேசிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பிரான்சின் பர்கண்டிப் பகுதியில், திஜோனிலிருந்து ரயிலேறினால் அரை மணிக்குள் வந்துவிடும். எல்லோரும் இங்கே வருவது ஒரு பழைய தர்ம ஆஸ்பத்திரியைப் பார்க்க. ஓத்தெல்-தியூ என்று பெயர்.

தெருவில் நின்று பார்த்தால் சப்பென்று இருந்தது. கறுத்த கற்பலகை வேய்ந்த உயரமான கூரை, அவ்வளவுதான். "இதுக்கா இவ்வளவு தூரம்?" என்றாள் மனைவி. வாசலைத் தாண்டி முற்றத்தில் கால் வைத்ததும் அவளுக்குப் பேச்சு வரவில்லை. சிவப்பு, பழுப்பு, மஞ்சள், பச்சை என்று பளபளக்கும் ஓடுகள், கல்யாணப் பாயில் வரும் கட்டங்கள் மாதிரி கூரை முழுக்க. வெளியே எளிமை, உள்ளே ஆடம்பரம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து அப்படிக் கட்டினார்களாம்.

கட்டியவர் நிக்கோலா ரோலன், பர்கண்டிக் கோமகனின் முதன்மை மந்திரி. பிரான்சும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர் ஊரைச் சூறையாடியிருந்த காலம். 1443இல் மனைவி கிகோனுடன் சேர்ந்து இதை நிறுவினார். முதல் நோயாளி வந்தது 1452 ஜனவரி 1. "அத்தனை பேரை ஏழையாக்கியவர், அவர்களுக்கு ஒரு வீடு கட்டித் தருவது நியாயம்தான்" என்று பதினோராம் லூயி மன்னர் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு.

ஏழைகள் கூடம் ஐம்பது மீட்டர் நீளம். கப்பலைக் கவிழ்த்து வைத்தாற்போல் மரக்கூரை. குறுக்கு உத்தரங்களின் இரு முனைகளையும் வர்ணம் பூசிய டிராகன்கள் வாயில் கவ்விக்கொண்டிருக்கின்றன. இருபுறமும் சிவப்புத் திரை போட்ட கட்டில்கள். அந்தக் காலத்தில் கட்டிலுக்கு இரண்டு பேர்! தரை ஓடுகளில் ஒரு நட்சத்திரம், கூடவே 'இவள் ஒருத்தியே' என்று பொருள்படும் ஒற்றைச் சொல். மனைவிக்காக ரோலன் பொறிக்க வைத்தது. அவர் போன பிறகு கிகோன் இங்கேயே தங்கி, இங்கேயே அடக்கமானார்.

இனி என்னைக் கொஞ்சம் உறுத்திய விஷயம். தபால் அட்டையில் வரும் அந்தக் கூரை ஓடுகள் 1902க்கும் 1907க்கும் இடையில் புதிதாகச் செய்து வேய்ந்தவை. கட்டில்களும் 1870களின் புதுப்பிப்பில் வந்தவை. பழமையைப் பார்க்க வந்தவனுக்கு இது ஏமாற்றமா? முதல் ஐந்து நிமிடம் ஆமாம். ஆனால் 1971 வரை நோயாளிகள் இருந்த கட்டடம் இது. ஆள் புழங்கும் வீட்டில் ஓடு மாற்றாமல் முடியுமா?

பராமரிப்புக்குப் பணம்? திராட்சைத் தோட்டங்கள். தலைமுறை தலைமுறையாக நன்கொடையாக வந்தவை, இன்று சுமார் அறுபது ஹெக்டேர். 1859 முதல் அந்த ஒயினை ஏலம் விடுகிறார்கள், இப்போது நவம்பர் மூன்றாம் ஞாயிறு. ஊரின் புது ஆஸ்பத்திரிக்கும் இந்தப் பழைய சுவர்களுக்கும் படியளப்பது அதுதான்.

மருந்தறையில் வரிசையாகப் பீங்கான், கண்ணாடி ஜாடிகள். ஈரக் கல்லுக்கடியில் சுருண்டு கிடக்குமே ஒரு பூச்சி, அதன் பொடிகூட இருக்கிறது. இன்னொன்றில் 'நுவா வோமிக்'. கைபேசியில் தேடினால், நம்ம எட்டிக்கொட்டை! எந்தக் கப்பலேறி வந்ததோ.

"ஈயாதார் வாழ்ந்தென்ன, எட்டி பழுத்தென்ன" என்று மனைவி மெல்ல இழுத்தாள். "இந்த ஆளு ஈஞ்சாரே, அதான் எட்டியும் மருந்தாயிடுச்சு."