மிளகின் மூச்சு

மே 4
அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. மிளகு, கடுகு என்ற என் இரண்டு சுண்டெலிகளின் கூண்டை மேசையிலிருந்து இறக்கித் தரையில் வைத்தேன். உள்ளே ஒரு டைல்ஸ் துண்டும் போட்டாயிற்று. கடுகு அதன்மேல் வாலை நீட்டிப் படுத்துக்கொண்டாள். வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த இடம் கிடைத்தால் எலிகள் வால் வழியாகவும் சூட்டை இறக்கும்.

மே 5
மிளகு தும்மினாள்.

மே 6
காதருகே வைத்துக் கேட்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு சின்ன ‘டிக்’. மூக்கோரம் சிவப்புக் கறை. ரத்தம் இல்லை, கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியிலிருந்து வருவது. நன்றாக இருக்கும் எலி அதை உடனே துடைத்துவிடும். இவள் துடைக்கவில்லை.
சமையலறைத் தராசில் 28 கிராம். சித்திரை பிறந்தபோது 31.
அக்காவுக்கு இன்னும் பிரசவ வலி வரவில்லை.

மே 7
டாக்டர் நிதானமாகப் பார்த்தார். மைக்கோபிளாஸ்மா என்றார். பல எலிகளின் உடம்பில் சும்மா ஒடுங்கிக் கிடக்கும் கிருமி. உடம்பு தளரும்போதும், சிறுநீரிலிருந்து வரும் அம்மோனியா நெடி ஏறும்போதும் தலைதூக்கும். முழுக்கப் போகாதாம், அடக்கி வைக்கலாமாம். டாக்ஸிசைக்ளின் காலையும் இரவும், எடைக்குத் தகுந்த அளவில். பால், தயிரில் கலக்கக் கூடாது, கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டித் துணுக்கில் ஒரு சொட்டு சர்க்கரைப் பாகோடு வைத்துக் கொடுத்தேன். தின்றாள்!

மே 8
27. கடுகு அவள் முகத்தை நக்கித் துடைத்துக்கொண்டே இருக்கிறாள்.

மே 10
மரக்கடையில் சும்மா தருகிறார்களே என்று பக்கத்து வீட்டுப் பெரியம்மா ஒரு பை மரத்தூள் கொண்டுவந்தார். அன்பாகத்தான் தந்தார். ஆனால் அந்தத் தூசியும் மரவாசனையும் இந்த நுரையீரலுக்கு ஆகவே ஆகாது. வெள்ளைக் காகிதத்தைக் கிழித்துத்தான் போடுகிறேன். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றுவதில்லை, பழைய கூட்டில் ஒரு பிடியை அப்படியே விடுகிறேன். தங்கள் வாசனையே இல்லாத இடத்தில் அவர்கள் கலங்கிப்போவார்கள்.
மதியம் கரண்ட் போயிற்று. ஃப்ரீசரில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டை ஒட்டி வைத்து, கரண்ட் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஊருக்குப் போக வேண்டி வந்தால் இதையெல்லாம் யார் செய்வார்கள்? பெரியம்மாவுக்கு எலி என்றாலே பயம். பயந்துகொண்டே மரத்தூள் கொண்டுவந்தாரே என்று நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

மே 11
28.

மே 12
தூக்கமில்லை. அமெரிக்காவில் கிரான்பி என்ற ஊரில் வாழ்ந்த அபி லாத்ரப் பற்றிப் படித்தேன். பள்ளி ஆசிரியையாக இருந்தவர். 1900 வாக்கில் செல்லப்பிராணியாக விற்க எலி வளர்க்கத் தொடங்கினார், பிறகு ஆய்வுக்கூடங்களும் வாங்கின. சில எலிகளின் தோலில் கட்டிகள் இருப்பதைக் கவனித்து விஞ்ஞானிகளுக்கு எழுதியவர் அவர்தான். இன்று உலகமெங்கும் ஆய்வுக்கூடங்களில் இருக்கும் சி57 கறுப்பு எலிகள் அவர் கொடுத்த 57ஆம் எண் எலியின் வழிவந்தவை. பெயர்பெற்றவர்கள் மற்றவர்கள். தினமும் தூக்கிப் பார்த்தது இவர். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது.
அம்மாவுக்குப் போன் போட்டேன். “இன்னும் இல்லைடி, நீ தூங்கு” என்றார்.

மே 13
இரவில் திறந்த வாயோடு மூச்சு. ஒருவேளை இவள் போய்விட்டால் கடுகு தனியாகிவிடுவாள். பெண் எலிகள் துணையோடு வாழ்பவை, தனிமையில் வாடிவிடும். புதிதாக ஒருத்தியைக் கொண்டுவந்தால் இரண்டு வாரமாவது வேறு அறையில் வைத்துப் பார்க்க வேண்டும். எனக்கு வேறு அறை இல்லை. இருக்கும்போதே இதையெல்லாம் ஏன் நினைக்கிறேன்.

மே 15
29. சக்கரத்தில் ஏறினாள்! கொஞ்ச தூரம்தான், ஆனாலும் ஏறினாள். ‘டிக்’ சத்தம் காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கிறது.

மே 16
மருந்து மணம் தெரிந்துவிட்டது, ரொட்டியைத் தள்ளிவிட்டாள். வாழைப்பழத்தில் வைத்தேன், வாங்கிக்கொண்டாள்.

மே 17
விடியற்காலை அம்மா போன். வலி வந்துவிட்டதாம், அக்காவை உள்ளே அழைத்துப் போய்விட்டார்களாம். இன்று இரவு பாண்டியன் எக்ஸ்பிரஸில் இடம் கிடைக்குமா பார்க்க வேண்டும். பகல் ரயில் வேண்டாம், இந்த வெயிலில் மிளகு தாங்கமாட்டாள். ரயிலில் இவர்களைக் கொண்டுபோகலாமா என்று கேட்க வேண்டும். டாக்டரிடமும் ஒரு வார்த்தை. காலை மருந்து கொடுத்தாயிற்று. பெரியம்மா கதவைத் தட்டுகிறார்