இளங்கலை வணிகவியலில் கணக்குத் தாளைக் கடப்பது

மேலாண்மைக் கோட்பாடு, சந்தையியல் போன்ற தாள்களைத் தேர்வுக்கு முந்தைய வாரம் உட்கார்ந்து படித்தாலும் தேறிவிடலாம். கணக்குப்பதிவியல் அப்படியில்லை. முதல் பருவத்தில் அதை அரைகுறையாக விட்டால் அடக்கவிலைக் கணக்கு, நிதி மேலாண்மை, தணிக்கை என்று அடுத்தடுத்து எல்லாத் தாளிலும் இடறும். தினமும் ஒரு கணக்கு, விடையைப் பார்க்காமல், பேனாவால் போட்டுப் பழகுவதுதான் கைகொடுக்கும். தீர்த்துவைத்த கணக்கை வாசிக்கும்போது எல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். வெற்றுத்தாள் முன்னால் வந்தால்தான் தெரியும்.

இருப்பாய்வு, அதாவது எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு மீதிகளையும் இரண்டு பக்கமாகப் பட்டியலிடும் தாள், டேலி ஆகவில்லையா? முதல் வரியிலிருந்து திரும்பப் போட வேண்டாம். 500 இடிக்கிறது என்றால் அதே தொகை எங்காவது விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் பாதியை, 250ஐ, தேடுங்கள்; பற்றில் வரவேண்டியது வரவில் விழுந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் வித்தியாசம் 9ஆல் வகுபடுகிறதா என்று பாருங்கள். 540ஐ 450 என்று எழுதினால் 90 இடிக்கும். 1500இல் ஒரு சுழியம் விட்டால் 1350. இரண்டுமே 9ஆல் வகுபடும். டேலி ஆகிவிட்டதாலேயே எல்லாம் சரி என்றும் ஆகிவிடாது. இயந்திரம் வாங்கிய தொகையைப் பழுதுபார்ப்புச் செலவில் போட்டாலும் இருப்பாய்வு சமமாகவே நிற்கும்.

இறுதிக் கணக்குகளில் மதிப்பெண் போவது சரிக்கட்டுதல்களில். கணக்கின் அடியில் தனியாகக் கொடுத்தவை ஒவ்வொன்றும் இரண்டு இடத்தில் வரவேண்டும். கொடுபடவேண்டிய வாடகை என்றால் லாபநட்டக் கணக்கில் வாடகையோடு கூட்டி, இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்பாகவும் காட்ட வேண்டும். அதே இனம் இருப்பாய்வுக்குள்ளேயே இருந்தால் இருப்புநிலைக் குறிப்பில் மட்டும். போட்டதும் பென்சிலால் இரண்டு டிக் அடித்துக்கொண்டே போனால் எது விட்டது என்று உடனே தெரியும்.

அடக்கவிலையில் சூத்திரம் எளிது, முடிவெடுப்பதுதான் வழுக்கும். எவ்வளவு விற்றாலும் மாறாத நிலைச்செலவு 60,000, ஒரு பொருளின் விற்பனை விலை 50, அதற்கு ஆகும் மாறும் செலவு 30. விலையில் மாறும் செலவு போக மிஞ்சும் பங்களிப்பு ஒரு பொருளுக்கு 20. 3,000 பொருள் விற்றால் லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. இப்போது 4,000 விற்கிறது, 35க்குக் கூடுதலாக ஒரு ஆர்டர் வருகிறது. சராசரி அடக்கம் 45 என்று கணக்குப் போட்டுப் பலர் வேண்டாம் என்று எழுதிவிடுவார்கள். நிலைச்செலவு ஏற்கெனவே ஈடாகிவிட்டது. உற்பத்தித் திறன் மிச்சமிருந்தால் ஒவ்வொன்றிலும் 5 கிடைக்கும், ஏற்கலாம். பழைய வாடிக்கையாளர்களும் அந்த விலையைக் கேட்கத் தொடங்கினால் கதை வேறு. விடையில் அந்த நிபந்தனையையும் சேர்த்து எழுதுங்கள், மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

லாபத்தையும் ரொக்கத்தையும் ஒன்றென்று நினைப்பது இன்னொரு வழக்கமான பிழை. லாபம் 80,000, தேய்மானம் 15,000, கடனாளிகளிடமிருந்து வரவேண்டிய தொகை 40,000 கூடியிருக்கிறது என்றால் செயல்பாட்டில் வந்த ரொக்கம் 55,000தான். தேய்மானத்தில் ரொக்கம் வெளியே போகவில்லை, அதனால் கூட்டுகிறோம்; கடனாளிகளின் பணம் இன்னும் கைக்கு வரவில்லை, அதனால் கழிக்கிறோம்.

குழு அறிக்கையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதிக் கடைசி இரவில் ஒட்டினால், சந்தைப் பகுதியில் விற்பனை 4,000 என்றும் நிதிப் பகுதியில் 5,000 என்றும் நிற்கும். தேர்வாளர் கண் நேராக அங்கேதான் போகும். விலை, அளவு, வளர்ச்சி விகிதம் மூன்றையும் முதல் நாளே ஒரே தாளில் எழுதி ஒருவர் பொறுப்பில் விடுங்கள். மாற்ற வேண்டுமானால் அவர் மட்டும் மாற்றட்டும்.