முதலில் நங்கூரம், அப்புறம் எஞ்சின்

படகுச் சவாரியைச் சுற்றுச்சூழலுக்கு ஏற்றதாக மாற்றுவது என்று பேச்செடுத்தால் உடனே பேட்டரி எஞ்சினுக்குத்தான் எல்லோரும் போகிறார்கள். காரங்காடு, பிரப்பன்வலசை, அரியமான், பாம்பன் என்று நம் கரையில் சுற்றுலாப் படகுகளும் கயாக்குகளும் பெருகிவரும் நேரத்தில் அது நல்ல பேச்சுதான். ஆனால் ராமநாதபுரம் கடலுக்கு வரிசை வேறு. பாக் விரிகுடாப் பக்கம் கரையிலிருந்து நெடுந்தூரம் இடுப்பளவு, ஆளளவு தண்ணீர்தான். அதன் அடியில் கடற்புல், நம் ஆட்கள் தாழை என்று சொல்வது. மன்னார் வளைகுடாப் பக்கம் தீவுகளைச் சுற்றிப் பவளப் பார். இவ்வளவு ஆழம் குறைந்த இடத்தில் படகின் புகையைவிட அதன் இரும்புதான் அதிகம் கெடுக்கிறது. அதனால் முதலில் நங்கூரத்தைப் பாருங்கள்.

நம் படகுகளில் இருப்பது பெரும்பாலும் கம்பியை வளைத்துச் செய்த நாலு கொக்கி நங்கூரம். மணலில் அது பிடிக்காது, உழுதுகொண்டே வரும். பாரிலோ தாழையிலோ விழுந்தால் சட்டென்று மாட்டிக்கொள்ளும். படகோட்டிகள் அங்கே போடுவதற்குக் காரணம் அலட்சியம் இல்லை, அங்கேதான் படகு நிற்கிறது. மேலே இழுக்கும்போது கொக்கியைப் பாருங்கள். பச்சை இலையோடு, வெள்ளைக் கிழங்குத் தண்டும் அதில் ஒட்டிய கறுப்புச் சேறும் சேர்ந்து வரும். இலை போனால் சில வாரத்தில் துளிர்க்கும். தண்டோடு பிடுங்கினால் அந்த இடம் குழியாகிவிடும், சுற்றியுள்ள மண்ணையும் அலை அரிக்கும், புல் திரும்பிவர ஆண்டுக்கணக்கில் ஆகும். ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, அந்தப் புல்தான் சாப்பாடு. ஒரு நாளைக்கு 30, 40 கிலோ மேயும் உயிர் அது.

இதற்கு வழி, மணலில் பிடிக்கும் நங்கூரத்துக்கு மாறுவது. 20 முதல் 25 அடி ஃபைபர் படகுக்குத் தட்டை அலகு வைத்த 7, 8 கிலோ நங்கூரம், 2 அல்லது 3 மீட்டர் சங்கிலி, 12 மி.மீ. நைலான் கயிறு போதும். கயிற்றின் நீளத்தில்தான் பலரும் தவறுகிறார்கள். கயிறு குட்டையாக இருந்தால் நங்கூரத்தை மேல்நோக்கி இழுக்கும், அலகு மண்ணுக்குள் இறங்காது. தண்ணீர் 2.5 மீட்டர், அணியத்தின் (படகின் முன்முனை) உயரம் அரை மீட்டர் என்றால் மொத்தம் 3 மீட்டர். அமைதியான கடலில் அதைப்போல் 5 மடங்கு, 15 மீட்டர் விட வேண்டும். காற்று இருந்தால் 7 மடங்கு, 21 மீட்டர்.

இடம் பார்ப்பது காலை 10 மணிக்கு மேல் சுலபம். வெயில் முதுகுப் பக்கம் இருக்க, வெளிறித் தெரிவது மணல், கறுத்துத் தெரிவது தாழை அல்லது பார். மேக நிழலா என்று சந்தேகம் வந்தால் ஒரு நிமிடம் பொறுங்கள், நிழல் நகரும், தாழை நகராது. நங்கூரத்தை வீசாமல் கையால் இறக்குங்கள். எடுக்கும்போது கயிற்றைப் பிடித்து இழுத்துப் படகை நங்கூரத்துக்கு நேர் மேலே கொண்டுவந்து, அப்புறம் செங்குத்தாகத் தூக்குங்கள். மாட்டிக்கொண்டது என்று எஞ்சினைப் போட்டு இழுத்தால் பவளம் உடைந்துதான் வரும். கயாக்குக்கு நங்கூரமே வேண்டாம், கித்தான் பையில் 5 கிலோ மணல் அடைத்துக் கட்டினால் நிற்கும். பிளாஸ்டிக் சாக்கு மட்டும் கூடாது, வெயிலில் இற்று நாராகக் கடலில் கலந்துவிடும்.

தினமும் ஒரே இடத்தில் நிறுத்தும் படகுகளுக்கு நிலையான மிதவை போடுவதே சரி. மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. கான்கிரீட் கட்டை போடுகிறவர்கள் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். கரையில் 100 கிலோ இருக்கும் கட்டை கடலுக்குள் 57 கிலோதான் எடை காட்டும். கணக்குத் தப்பினால் கட்டையே நகர்ந்து தரையைத் தேய்க்கும். கட்டை நகராவிட்டாலும், தொங்கும் சங்கிலி காற்றுத் திரும்பும்போதெல்லாம் தரையில் வட்டம் போட்டுப் புல்லை வழித்துவிடும். சங்கிலிக்குப் பதில் கயிறு போட்டு, பாதி உயரத்தில் சின்ன மிதவை ஒன்றைக் கட்டினால் கயிறு தரையைத் தொடாது.

அடுத்தது விசிறி, எஞ்சினின் அடியில் சுழன்று படகைத் தள்ளும் புரொப்பெல்லர். படகுக்குப் பின்னால் தண்ணீர் பால் கலந்ததுபோல் கலங்கி, அறுந்த இலைகள் மிதந்தால் விசிறி தரையை வெட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்தைக் கூட்டித் தப்பப் பார்க்காதீர்கள். எஞ்சினை நிறுத்தி, தூக்கி, கம்பு ஊன்றி வெளியே வாருங்கள். அதே சேற்றுத் தண்ணீரைத்தான் எஞ்சினின் பம்பும் உறிஞ்சுகிறது. பம்புக்குள் சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் தேய்ந்து எஞ்சின் சூடாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

எரிபொருளுக்கு வருவோம். கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புதுக் கலவை உள்ளே வரும்போதே புகைவழியும் திறந்திருப்பதால், பெட்ரோலில் கால்பங்கு வரை எரியாமலே தண்ணீருக்குள் போய்விடும். எஞ்சின் மாற்றும் நாள் வரும்போது ஃபோர் ஸ்ட்ரோக்குக்குப் போங்கள். அதுவரை, கையேட்டில் 50:1 என்றிருந்தால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில்தான். எஞ்சின் நீடித்து உழைக்கும் என்று 40 மில்லி ஊற்றினால் பிளக்கில் கரி பிடிக்கும், பின்னால் வானவில் படலம் மிதக்கும். பைக்கின் 2டி ஆயில் வேண்டாம். தண்ணீரில் குளிரும் அவுட்போர்டுக்கு டிசி-டபிள்யூ3 என்று போட்ட ஆயில்தான் சாம்பல் படியாதது.

டாங்கைக் கரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள், வாய் வரை நிரப்பாதீர்கள். 20 லிட்டர் பெட்ரோல் காலைக் குளிரிலிருந்து மதிய வெயிலுக்குள் 18 டிகிரி சூடேறினால் கால் லிட்டருக்கு மேல் பெருகும். அது காற்றுத் துளை வழியே வழிந்து கடலுக்குத்தான் போகும். ஒரு லிட்டர் இடம் விட்டால் தீர்ந்தது. சிந்திய எண்ணெய் மேல் சோப்புத் தண்ணீர் தெளிப்பதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். படலம் கண்ணுக்கு மறையும், எண்ணெய் துளித்துளியாகப் பிரிந்து கீழே இறங்கும். மீன்குஞ்சுக்கு அது இன்னும் கெடுதல். எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளைத் துணி விற்கிறார்கள். படகின் அடியில் தண்ணீர் தேங்கும் இடத்தில் ஒன்றைப் போட்டு வையுங்கள்.

இப்போது பேட்டரி. கேரளத்தில் வைக்கம்–தவணக்கடவு இடையே 75 பேர் ஏறும் ஆதித்யா சூரியசக்திப் படகு 2017 முதல் ஓடுகிறது. அது காயல். நம் பக்கம் அதற்கு ஒப்பான இடம் காரங்காட்டு அலையாத்திக் காடு. மெதுவான சவாரி, அலை இல்லை, பறவைகளுக்குச் சத்தமும் ஆகாது. 6 பேரோடு 20 அடிப் படகு மணிக்கு 6 கி.மீ. போக ஏறத்தாழ 1 கிலோவாட் போதும். 48 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியில் இருப்பது 4.8 யூனிட். 80 சதவீதம் எடுத்தால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். வேகத்தை இரண்டு மடங்காக்கினால் சக்தி எட்டு மடங்கு வரை கேட்கும், அரை மணி நேரம்கூடத் தாண்டாது. எதிர்க்காற்றையும் சேர்த்து, போக மூன்றில் ஒரு பங்கு, வர ஒரு பங்கு, கையிருப்பு ஒரு பங்கு என்று வையுங்கள். கூரையில் 400 வாட் பேனல் போட்டால் நாளுக்கு ஒன்றரை யூனிட் கிடைக்கும், ஆனால் கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் அதே கூரை பாயாகிப் படகைத் தள்ளும்.

இந்த அமைப்பு கெடுவது மோட்டாரால் அல்ல, உப்பால். சாதாரணச் செம்புக் கம்பி ஒரே பருவத்தில் இணைப்புக்குள் பச்சை பூத்துவிடும். 2 கிலோவாட் மோட்டாருக்கு வெள்ளீயம் பூசிய 16 சதுர மி.மீ. கம்பி, இணைப்பை மூட, சூடாக்கினால் சுருங்கும் பசை உள்ள குழாய் (ஹீட் ஷ்ரிங்க்), பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் 60 ஆம்பியர் ஃப்யூஸ். இவற்றில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

அடிப்பூச்சு பற்றிச் சொல்ல அதிகமில்லை. தினமும் கரையேற்றும் படகுக்குச் செம்புப் பெயின்ட் தேவையே இல்லை, படகின் அடியில் ஒட்டி வளரும் ஓட்டுயிரான கொட்டலசுக்கு ஒட்ட நேரம் கிடைக்காது. கடலிலேயே நிற்கும் படகைச் சுரண்டும்போது கீழே தார்ப்பாய் விரித்து, விழுந்ததை வாரிக் குப்பைக்கு அனுப்புங்கள்.

கரையேறியதும் கயிறு, நங்கூரம், விசிறி மூன்றையும் ஒரு தடவை பாருங்கள். மண்டபம் பக்கம் வளர்க்கும் கப்பாபைகஸ் என்ற கடற்பாசி, பேச்சு வழக்கில் பெப்சி பாசி, விதை இல்லாமல் துண்டிலிருந்தே வளர்வது. குருசடைத் தீவுப் பவளத்தின் மேல் அது படர்ந்து மூடியதை 2008-லேயே ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். கயிற்றில் சிக்கிய விரல் நீளத் துண்டு அடுத்த பாருக்குப் போக உங்கள் படகே போதும். அதைக் கடலில் உதறாதீர்கள். அலை எட்டாத மேட்டில் போட்டு வெயிலில் நன்றாகக் காயவிடுங்கள்.