மணி மூணு, பாப்பா தூங்குது, நான் தூங்கல

ஜூன் 9

பாப்பா பொறந்து இன்னிக்கு 19 நாள். ஆஸ்பத்திரில இருந்தப்பவே அழுதேன், "எல்லாருக்கும் வர்றதுதாம்மா, ரெண்டு வாரத்துல சரியாயிரும்"னு நர்ஸம்மா சொன்னாங்க. ரெண்டு வாரம் தாண்டிருச்சே. பூண்டுக் குழம்பு ஊத்தி அம்மா பெசஞ்சு கொண்டாந்தா ரெண்டு வாய்க்கு மேல எறங்கல. பச்ச உடம்புக்காரி அழுதா பால் வத்திரும்டின்னு சொல்றாங்க, அதக் கேட்டு இன்னும் அழுக வருது.

ஜூன் 14

மூச்சு விடுதான்னு மூக்குகிட்ட விரல வெச்சுப் பாக்கறேன், படுக்கறேன், திரும்ப எந்திரிக்கறேன், இந்த ஒரு ராத்திரில பதினஞ்சு தடவ. இன்னொண்ணு இருக்கு, எழுதவே கை நடுங்குது. பாப்பாவத் தூக்கிட்டு மாடிப்படி பக்கமே போறதில்ல. கைய விட்டுருவேனோன்னு ஒரு காட்சி கண்ணு முன்னாடி வந்து வந்து போகுது. யார்கிட்ட சொல்ல? சொன்னா பிள்ளைய என்கிட்ட குடுக்கவே மாட்டாங்க.

ஜூன் 21

அவரு சென்னைலேருந்து வந்தாரு. பாத்ரூம்ல பைப்பத் தொறந்து விட்டுட்டு உக்காந்திருந்தேன், கதவத் தட்டி "என்னப்பா ஆச்சு"ன்னு கேட்டாரு, பாதிதான் சொன்னேன். ராத்திரி 14416க்கு அவரே போன் போட்டாரு, டெலிமனாஸ்னு அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர், காசு கெடையாது, தமிழ்லயே பேசினாங்க. டாக்டரப் போய்ப் பாருங்கன்னாங்க.

ஜூன் 24

டாக்டர் ஒரு பேப்பர் குடுத்தாங்க, எடின்பரோ ஸ்கேலாம், போன 7 நாள் மனசு எப்படி இருந்துச்சுன்னு 10 கேள்வி. கடைசிக் கேள்வி, உங்களையே காயப்படுத்திக்கணும்னு தோணுச்சான்னு. "இல்ல"ன்னு டிக் போட்டுட்டேன், அப்புறம் அத அடிச்சுட்டு "எப்பவாவது"ன்னு மாத்தினேன். 30க்கு 19, மார்க் கூடினா மனச்சோர்வும் கூடுதலாம். மாடிப்படி விஷயத்தையும் சொல்லிட்டேன். அவங்க மொகம் மாறவே இல்ல. "அதுக்குப் பயந்துதானே அந்தப் பக்கமே போகாம இருக்கீங்க, அது உங்க ஆசை இல்லம்மா, பதட்டம். நெறைய அம்மாக்களுக்கு வரும்"னாங்க. எத்தன நாளா நெஞ்சுல கெடந்த கல்லு. பிள்ளைய யாரும் வாங்கிட்டுப் போகல, என் மடிலயேதான் இருந்துச்சு.

தைராய்டுக்கு ரத்தம் எடுத்தாங்க. செர்ட்ராலின்னு மனச்சோர்வுக்கும் பதட்டத்துக்கும் குடுக்கற மாத்திர எழுதினாங்க, பால் வழியா ரொம்பக் கொஞ்சம்தான் போகும், தாய்ப்பால் நிறுத்த வேணாம், வேல செய்ய சில வாரம் ஆகும், நடுவுல நீங்களா விட்டுறாதீங்கன்னு. வெளிய வந்ததும் அம்மா, "பால் குடுக்கறவளுக்கு எதுக்குடி மாத்திர, மந்திரிச்சா சரியாப் போகும்". அவருதான் அம்மாவத் திரும்ப உள்ள கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டயே கேக்க வெச்சாரு.

ஜூலை 5

இப்ப பால எடுத்து வெச்சுட்டு பத்து மணிக்குப் படுத்துர்றேன், ரெண்டு மணி வரைக்கும் பாப்பா அம்மா பொறுப்பு. நாலு மணி நேரம் சேந்தாப்ல தூங்கி எத்தன நாளாச்சு. லேகிய டப்பா மூடில மாத்திரைய எடுத்து வெச்சுக் குடுக்கறது அம்மாதான், ஒரு நாள் கூட மறக்கல.

ஜூலை 16

நேத்து ராத்திரி ஆறு தடவதான் எந்திரிச்சேன். தலைக்குக் குளிச்சேன். பாப்பா கையப் பாத்தேன், நகம் வளந்திருக்கு, வெட்டப் பயமா இருந்துச்சு, அம்மா வெட்டினாங்க. மாடிப்படி பக்கம் இன்னும் போகல. துணி காயப்போட அவங்கதான் போறாங்க.