அப்சார்பர்

ஜனவரி 11, சனி

டயாலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வரும் வழியில் இன்று மூன்று முறை. தோட்டத்து வாசல் பாலம், கோவில் திருப்பம், அப்புறம் வீட்டுக்கு முன்னால் இருக்கும் பள்ளம். மூன்று இடத்திலும் அப்பா இடது கையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஊசி எடுத்த இடத்தில் பஞ்சு இன்னும் ஈரம் காயவில்லை. இத்தனைக்கும் நான் இரண்டாவது கியரைத் தாண்டவே இல்லை.

இறங்கிப் பார்த்தால் வண்டியின் இடது பின்பக்க அப்சார்பரில், அதாவது குலுக்கலை அடக்கும் குழாயில், எண்ணெய். விரலால் தொட்டேன். புழுதியோடு குழைந்து கருப்பாக ஒட்டிக்கொண்டது.

ஜனவரி 12, ஞாயிறு

பின்பக்கத்தை அழுத்தி விட்டேன். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, மூன்றாம் தடவைதான் நின்றது. ஒரு தடவை ஏறியதும் அடங்க வேண்டும். நான்கையும் மாற்றுவது என்று முடிவு. கையில் 900 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். டயாலிசிஸுக்குப் பொங்கல் கிடையாது. பானை பொங்கியபோது நாங்கள் சிம்பாங் அம்பாட் சிக்னலில் நின்றிருந்தோம்.

ஜனவரி 16, வியாழன்

அப்பா உள்ளே இருக்கும் நான்கு மணி நேரத்தில் புக்கிட் மெர்தாஜமில் மூன்று கடை ஏறி இறங்கினேன். முதல் கடையில் பில்ஸ்டீன் காட்டினார்கள். ஒற்றைக் குழாய், உயர் அழுத்த வாயு. சூட்டில் தளராது, வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு அருமையான சாமான். விலை கேட்டதும் நன்றி சொல்லி வந்துவிட்டேன். எனக்கு வேகம் எதற்கு? மணிக்கு 20 கிலோமீட்டரில் செம்மண் சாலையில் ஒருவரை அலுங்காமல் கொண்டுவர வேண்டும். அதற்கு இரட்டைக் குழாய்தான் மென்மை. இரண்டாவது கடையில் கயாபா, ஐயன்மேன், ஓல்ட் மேன் ஈமு என்று கம்பெனிப் பெயர்களை வரிசையாகச் சொன்னார்கள். மூன்றாவது ஹாஃப்கட் கடை, பழைய வண்டிகளிலிருந்து கழற்றிய சாமான். ஜோடி 80 வெள்ளி.

அந்த 80 வெள்ளி மனசை இழுத்தது, உண்மை. கடைக்காரத் தவுக்கேயிடம் சொல்லிவிட்டு ஒன்றை நிமிர்த்திக் கம்பியை அழுத்தினேன். உள்ளே போனது, அங்கேயே கிடந்தது. வாயு இருந்தால் தானாக மேலே வரும். இன்னொன்றின் கம்பியில் நகம் மாட்டும் அளவுக்குத் துரு. அந்தத் துருப்புள்ளி ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெயை அடைத்து வைக்கும் சீலைக் கிழிக்கும். வைத்துவிட்டேன்.

திரும்பும்போது அப்பா கேட்டார்: “செட்டிப்பூசத்துக்குப் போறோமாப்பா?” தைப்பூசத்துக்கு முந்தின நாள், பினாங்கில் ரதம் புறப்படும் நாள்.

ஜனவரி 19, ஞாயிறு

எல்லாக் கடையிலும் ஒரே கேள்வி: “வண்டி எத்தனை அங்குலம் உயர்த்தியது?” இரண்டு என்கிறேன். உடனே “நாலுமே நீளமானது போடு” என்கிறார்கள். அது சரியா என்று அம்மாவின் தையல் டேப்போடு இன்று வண்டிக்கு அடியில் போனேன்.

பின்பக்கம், ஸ்பிரிங் பட்டையைச் சேஸோடு இணைக்கும் ஷேக்கிளை அப்பா நீளமாக்கி உயர்த்தியது. 10 செ.மீ. நீளம் கூட்டினால் வண்டி 5 செ.மீ. உயரும். சேஸில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தொங்கவிட்டேன். அப்சார்பரைக் கழற்றியதும் ஆக்ஸில் இன்னும் 4 செ.மீ. கீழே இறங்கியது! இத்தனை வருடம் அந்தக் குட்டை அப்சார்பர்தான் ஆக்ஸிலை இழுத்துப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அதன் முனையில் இருக்கும் ரப்பர் புஷ் ஒரு பக்கமாகக் கிழிந்திருக்கிறது. பின்னால் நீளமானது கட்டாயம் வேண்டும். ஆனால் மிக நீளமும் ஆகாது. சுமை ஏறி அமுங்கும்போது ரப்பர் கட்டை தொடுவதற்கு முன் அப்சார்பர் முட்டிக்கொள்ளக் கூடாது. அந்த அளவையும் எடுத்துக்கொண்டேன்.

முன்பக்கம் வேறு கதை. அங்கே ஸ்பிரிங் வேலையைச் செய்யும் முறுக்குக் கம்பியின் போல்ட்டைத் திருகி உயர்த்தியது. சக்கரம் எவ்வளவு தொங்கலாம் என்பதை, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் மேல் கையில் இருக்கும் ரப்பர்தான் நிறுத்துகிறது. உயர்த்தினாலும் அந்த எல்லை மாறுவதில்லை. ஆக, முன்னால் கம்பெனி அளவே போதும். கயாபா. கணிசமான பணம் மிச்சம்.

ஜனவரி 21, செவ்வாய்

ஆர்டர் கொடுத்தேன். நான்குக்கும் 860. வெள்ளிக்கிழமை வரும் என்றார்கள்.

ஜனவரி 24, வெள்ளி

வரவில்லை.

ஜனவரி 27, திங்கள்

வரவில்லை. நாளையிலிருந்து சீனப் பெருநாள் விடுமுறை. கடை அடுத்த வாரம்தான் திறக்கும். இந்தத் தேதியை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

ஜனவரி 30, வியாழன்

அப்பாவின் எடை உடம்பில் தேங்கிய தண்ணீரால் 1.8 கிலோ கூடியிருந்தது. டயாலிசிஸில் அந்தத் தண்ணீரை இழுத்த பிறகு கால் கெண்டை பிடித்துக்கொண்டது. வரும் வழியில் பேசவே இல்லை. கோவில் திருப்பத்தில் “டொக்”. கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த “டொக்” முன்பக்கம். ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்தேன். மேல் கைக்கும் அந்த ரப்பருக்கும் நடுவில் என் சுண்டுவிரல் நுழையவில்லை. சக்கரம் பள்ளத்தில் இறங்க இடமே இல்லை, இறங்கினால் உடனே ரப்பரில் இடிக்கிறது. எல்லோரும் முறுக்கினால் கம்பி விறைத்துவிடும் என்கிறார்கள். கம்பி விறைப்பதில்லை. இறங்கும் இடம்தான் போய்விடுகிறது. இதற்கு எந்த அப்சார்பர் போட்டும் பயன் இல்லை. முன்பக்கத்தை ஒரு அங்குலமாவது இறக்க வேண்டும்.

ஆனால் அது அப்பா உயர்த்திய வண்டி. மழைக்காலத்தில் தோட்டத்துச் செம்பனை லாரிகள் சேற்றில் புதைந்து நிற்க, இது மட்டும் ஏறி வரும்.

ஜனவரி 31, வெள்ளி

அப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் வாசலில் நின்ற வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், “டயர் உரசாம பாத்துக்கோ” என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

இறக்கியாகிவிட்டது. சக்கர நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை இரண்டு பக்கமும் ஒரே அளவு வரும்வரை திருகினேன். இப்போது இரண்டு விரல் நுழைகிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தும் பார்த்தேன். உரசவில்லை.

பிப்ரவரி 6, வியாழன்

வந்துவிட்டது!

பிப்ரவரி 7, வெள்ளி

நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் காலை எட்டிலிருந்து இரண்டு வரை. ஸ்பிரிங் தனி, அப்சார்பர் தனி என்பதால் கழற்றுவது சுலபம். ஒரு போல்ட் மட்டும் துருப்பிடித்து ஒரு மணி நேரம் வாங்கியது. புஷ் போல்ட்டுகளை வண்டியைத் தரையில் இறக்கிய பிறகுதான் கடைசியாக இறுக்கினேன். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும். மதியம் அலைன்மென்ட்.

பிப்ரவரி 8, சனி

பாலம். திருப்பம். பள்ளம். கை மடியிலேயே இருந்தது, விரித்தபடி. அவர் தூங்கிக்கொண்டிருந்தார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

இடது பின்பக்கம் துடைத்துப் பார்த்தேன், காய்ந்திருக்கிறது. டீசல் போட்டாகிவிட்டது. நாளை காலை ஐந்து மணிக்குப் புறப்படுகிறோம். பினாங்கு இரண்டாம் பாலம் வழியாக, ரதம் ஜார்ஜ்டவுனைத் தாண்டுவதற்குள். பின் சீட்டுக்குத் தலையணை எடுத்து வைக்க வேண்டும். அப்பா வேட்டியை இஸ்திரி போடச் சொல்கிறார்.