வாயில் 12 டி, கையில் 3 டி: டிரேடு டெஸ்டில் என்னைத் தோற்கடித்த கேபிள் வளைவு

நேற்று சாயங்காலம் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. செலக்ட் ஆகிவிட்டேன். கத்தார், கேபிள் கேங், எலக்ட்ரீஷியன் போஸ்ட். அம்மாவிடம் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஏழு மாதத்துக்கு முன்னால் இதே போனுக்காக நாள் கணக்கில் காத்திருந்து, நானாக நான்கு முறை கூப்பிட்ட பிறகுதான் "உங்க பேரு லிஸ்ட்ல இல்லப்பா" என்றார்கள். அந்த இரண்டு டிரேடு டெஸ்டுக்கும் (வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்க வைக்கும் செய்முறைத் தேர்வு) நடுவில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: கேபிளை எவ்வளவு வரை வளைக்கலாம், அதாவது பெண்டிங் ரேடியஸ் என்பது. அதனால் அதைத்தான் விரிவாக எழுதப்போகிறேன். கிளாண்ட் (கேபிளைப் பேனலில் இறுக்கிப் பிடிக்கும் மூட்டு) போடுவது, லக் (கம்பி முனையில் மாட்டும் இணைப்பு) அடிப்பது, மெகர் பார்ப்பது (இன்சுலேஷன் டெஸ்ட்) எல்லாம் ஐ.டி.ஐ. முடித்து இரண்டு வருடம் சைட்டில் நின்றவனுக்குத் தெரியும்.

முதல் டெஸ்ட் சென்னைப் புறநகரில் ஒரு தகர ஷெட்டில் நடந்தது. நாற்பது பேர் இருந்தோம். எனக்குக் கொடுத்த ஜாப், 4 கோர் (உள்ளே நான்கு கண்டக்டர்) 50 ஸ்கொயர் எம்.எம். காப்பர் ஆர்மர்டு (உலோகக் கவசம் சுற்றிய) கேபிளை டிரேயில் (கேபிளைத் தாங்கும் தட்டு) ஒரு 90 டிகிரி திருப்பம் திருப்பி, பேனல் அடியில் கிளாண்ட் போட்டு நிறுத்துவது. வேகமாக முடிப்பவனைத்தான் எடுப்பார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, ஹெல்பரைப் பிடிக்கச் சொல்லி, முழங்காலைக் கொடுத்து ஒரே அமுக்கு. கேபிள் டிரேயின் உள் மூலையோடு ஒட்டி அழகாக உட்கார்ந்தது. கேபிள் டை போட்டு இறுக்கியதும் எனக்கே திருப்தி.

கம்பெனி இன்ஜினியர் வந்தார். வளைவின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். அந்த இடத்தில் கறுப்பு ஷீத் (மேல் உறை) சின்னச் சின்ன மடிப்பாகச் சுருங்கியிருந்ததை அப்போதுதான் நானும் பார்த்தேன்.

"பெண்டிங் ரேடியஸ் எவ்வளவு?"

"12 டி சார்."

"டி என்றால்?"

"50 சார்."

அவர் ஒன்றும் பேசவில்லை. டேப்பை எடுத்து வளைவின் உள்பக்க ரேடியஸை அளந்து காட்டினார், 110 மில்லிமீட்டர். நான் சொன்ன கணக்குப்படியே 600 இருந்திருக்க வேண்டும். வாய் ஒன்று சொல்ல, கை வேறொன்று செய்திருக்கிறது, சொன்னதும் தப்பு. கிளாண்ட் வேலையை அவர் பார்க்கவே இல்லை.

டி என்பது ஸ்கொயர் எம்.எம். கிடையாது. இதை மட்டும் படித்துவிட்டுப் போனாலும் போதும். டி என்றால் கேபிளின் வெளிப்புற விட்டம், அதாவது மேல் ஷீத்தோடு சேர்த்து மொத்த தடிமன். 50 என்பது ஒரு கோருக்குள் இருக்கும் காப்பரின் குறுக்கு வெட்டுப் பரப்பு, அதற்கும் வளைவுக் கணக்குக்கும் நேரடித் தொடர்பே இல்லை. இந்தத் தப்பு இத்தனை பேருக்கு வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பயிற்சிக்குப் பெரும்பாலும் 4 கோர் 25 ஸ்கொயர் எம்.எம்.தான் கிடைக்கும், அதன் வெளி விட்டமும் சுமார் 26, 27 மி.மீ.தான். எந்த எண்ணைப் போட்டுப் பெருக்கினாலும் விடை கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும், அதனால் தப்பு தப்பென்றே தெரியாது. 50-க்கும் 95-க்கும் போனால்தான் மாட்டிக்கொள்வோம்.

தோற்று ஊருக்கு வந்த பிறகு எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் போனேன். பதினோரு வருடம் குவைத்தில் கேபிள் இழுத்தவர். அவர் கையில் எடுத்தது ஒரு தையல் நூல். கேபிளைச் சுற்றி ஒரு சுற்று, இறுக்காமல், தளர்த்தாமல், நூல் சந்திக்கிற இடத்தில் நகத்தால் பிடித்து ஸ்கேலில் வைத்தார். 101 மி.மீ. "இதை 3.14-ஆல வகு தம்பி." 32 வந்தது. அதுதான் டி. வெர்னியர் (விட்டம் அளக்கும் கருவி) இருந்தால் இன்னும் நல்லது, ஆனால் டெஸ்ட் நடக்கும் இடத்தில் யாரும் வெர்னியர் தரமாட்டார்கள், நூல் உங்கள் சட்டைப் பையிலேயே இருக்கும். ஒரு நூல்கண்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அதுதான்.

அடுத்து, எத்தனை டி? இங்கேதான் இணையத்தில் ஆளுக்கொரு எண் சொல்லிக் குழப்புகிறார்கள். ஒவ்வொருவரும் வேறு வேறு புத்தகத்தைப் பார்த்துச் சொல்வதால் அப்படி. நான் ஒரு அட்டையில் எழுதி வைத்திருந்தது:

- நம் ஊர் ஐ.எஸ். 1255 (இந்தியத் தரநிலை): 1.1 கே.வி. வரையுள்ள பி.வி.சி., எக்ஸ்.எல்.பி.ஈ. இன்சுலேஷன் கேபிள், மல்டி கோர் என்றால் 12 டி, சிங்கிள் கோர் என்றால் 15 டி.
- வளைகுடாவில் அதிகம் புழங்கும் பிரிட்டிஷ் வகை ஆர்மர்டு கேபிள் (பி.எஸ். 5467 என்ற பிரிட்டிஷ் தரநிலை): 16 ஸ்கொயர் வரை 6 டி, 25-ம் அதற்கு மேலும் 8 டி.
- 11 கே.வி.: சிங்கிள் கோரா மூன்று கோரா, ஆர்மர் உண்டா இல்லையா என்பதைப் பொறுத்து 12 முதல் 20 டி வரை போகும். டேட்டாஷீட்டைப் பார்க்காமல் எண் சொல்லாதீர்கள்.
- கேட் 6 யு.டி.பி. (நெட்வொர்க் கேபிள்): 4 டி.
- ஃபைபர்: இழுக்கும்போது 20 டி, இழுத்து முடித்து நிலையாக இருக்கும்போது 10 டி.

எல்லாமே உள்பக்க ரேடியஸ், வளைவின் உள் ஓரத்திலிருந்து அளப்பது. ரேடியஸையும் டயாமீட்டரையும் மாற்றிப் போட்டால் பாதிக்குப் பாதி போய்விடும்.

வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்டால் எடுத்த எடுப்பில் "12 டி" என்று சொல்லாதீர்கள். "எந்த கேபிள் சார், எல்.டி.யா ஹெச்.டி.யா, ஆர்மர்டா?" என்று முதலில் கேளுங்கள் (லோ டென்ஷன், ஹை டென்ஷன்; இந்த டி வேறு). கேட்பவருக்கு அதிலேயே பாதித் திருப்தி. பிறகு எண்ணைச் சொல்லி, "மேனுஃபேக்சரர் டேட்டாஷீட்தான் ஃபைனல்" என்று முடியுங்கள்.

ஏன் என்றும் கேட்பார்கள். இரண்டாவது டெஸ்டில் என்னிடம் கேட்டார்கள். அண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்த கணக்கு இதுதான், இதைப் புரிந்துகொண்ட பிறகு நான் எந்த கேபிளையும் முழங்காலில் வைத்து மடக்கியதில்லை. 32 மி.மீ. கேபிளை 90 டிகிரி திருப்பினால், வெளி ஓரம் உள் ஓரத்தைவிடச் சுமார் 50 மி.மீ. கூடுதலாக நீள வேண்டும். பெரிய வளைவானாலும் சின்ன வளைவானாலும் அந்த 50 மாறாது. 8 டி-யில், அதாவது 256 மி.மீ. ரேடியஸில் வளைத்தால் உள் ஓரத்தின் நீளம் 402 மி.மீ. வரும், அந்த 50 அத்தனை தூரத்தில் பரவிக்கொள்ளும். நான் முதல் டெஸ்டில் வளைத்த 110-இல் உள் ஓரம் வெறும் 173 மி.மீ. அதே 50-ஐ அந்தச் சாண் நீளத்துக்குள் தாங்கு என்றால் கேபிள் என்ன செய்யும்? வெளியே ஷீத் இழுபடும், உள்ளே மடியும், ஆர்மர் கம்பிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும், பெரிய சைஸில் கண்டக்டர் வட்டமாக இல்லாமல் செக்டர் வடிவில் (வட்டத்தின் ஒரு துண்டு போல) இருப்பதால் அதன் முனை இன்சுலேஷனை அழுத்தும். 11 கே.வி. என்றால் இன்னும் மோசம், காப்பர் டேப் ஸ்கிரீன் கசங்கும், அடுக்குகளுக்கு நடுவே காற்றிடைவெளி விழும், அதில் டிஸ்சார்ஜ் (சின்ன மின்பொறி) ஆரம்பித்தால் இன்சுலேஷனைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

அன்றைக்கே மெகர் அடித்துப் பார்த்தால் ரீடிங் நன்றாகவே காட்டும். ஆறு மாதம் கழித்து மழைத் தண்ணீரோ லோடோ வேலையைக் காட்டும்போது, வளைத்தவன் வேறு சைட்டில் இருப்பான், ஃபால்ட்டைத் தேடித் தோண்டுகிறவன் நம்மைப் போல இன்னொருவனாக இருப்பான். எனக்கு இதில் கோபமே வருகிறது, ஏனென்றால் நான் வேலை பார்த்த சைட்களில் ஒரு இடத்தில்கூட யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, "இடம் பத்தல, மடக்குடா" என்பது மட்டும்தான் எல்லா இடத்திலும் கேட்டது.

சரி, பயிற்சி. காயலான் கடையில் மூன்றரை கோர் (மூன்று முழு கோர், பாதி அளவில் ஒரு நியூட்ரல்) 50 ஸ்கொயர் அலுமினிய கேபிள் துண்டு, மூன்று மீட்டர், எடைக்குப் போட்டு வாங்கினேன். அதில் ஆர்மர் பட்டையாக இருந்தது. வளைகுடா கேபிளில் வட்டக் கம்பி ஆர்மர் வரும், வெட்டும் விதமும் கிளாண்டில் உட்காரும் விதமும் வேறு, அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசல் சிமெண்ட் தரையில் ஒரு ஆணி, ஆணியில் நூல், நூல் முனையில் சாக்பீஸ். நூலின் நீளம் உங்கள் ரேடியஸ். கால் வட்டம் போட்டு, அந்தக் கோட்டுக்கு வெளியே கேபிளை வைத்து வளைக்க வேண்டும். கேபிளின் உள் ஓரம் எங்குமே கோட்டைத் தாண்டி உள்ளே வரக்கூடாது.

இதில் நான் கற்றுக்கொண்டவை, வரிசையில்லாமல்:

- ஒரே இடத்தில் அமுக்கினால் அந்த இடத்தில் மட்டும் ஒடியும். பார்வைக்கு வளைவு பெரிதாகத் தெரிந்தாலும் நடுவில் ஒரு முட்டு இருக்கும், அளக்கிறவர் அந்த முட்டில்தான் டேப்பை வைப்பார். கையை ஒரு சாண் ஒரு சாணாக நகர்த்தி நகர்த்தி வளையுங்கள்.
- வளைத்த கேபிள் கொஞ்சம் திரும்பி நிமிரும். அதற்காகத் தேவைக்கு மேல் மடக்கிவிட்டு அப்புறம் நிமிர்த்த வேண்டாம். மடக்கி நிமிர்த்தி மடக்குவதுதான் கேபிளுக்கு எமன்.
- ஆர்மரை வெட்டுவதற்கு முன்னால் வளைத்துவிடுங்கள். கிளாண்ட் போட்ட பிறகு வளைத்தால் பாரம் முழுவதும் கிளாண்டின் கழுத்தில் விழும்.
- கிளாண்டுக்குள் கேபிள் நேராக நுழைய வேண்டும். கிளாண்டை ஒட்டியே வளைவு ஆரம்பிக்கக்கூடாது.
- கேபிள் இழுக்கும்போது திருப்பத்தில் ஒற்றை ரோலர் வைத்தால் அந்த ரோலரின் ரேடியஸ்தான் கேபிளின் ரேடியஸ். மூன்று, நான்கு ரோலரை வளைவாக வைக்க வேண்டும்.
- டிரம்மிலிருந்து எடுத்துத் தரையில் விடுவதாக இருந்தால் எட்டு போட்டு விடுங்கள். வட்டமாக விட்டு இழுத்தால் சுருக்கு விழும், சுருக்கு விழுந்த இடத்தை வெட்டித்தான் எறிய வேண்டும்.

இரண்டாவது டெஸ்ட் திருச்சியில். அதே மாதிரி ஜாப், அதே 4 கோர் 50. என்னோடு வந்தவர்கள் கேபிளைத் தூக்கிக்கொண்டு டிரேக்கு ஓடினார்கள். நான் நூலை எடுத்துச் சுற்றினேன், இங்கேயும் டி 32 மி.மீ., பிரிட்டிஷ் வகைக்கான 8 டி என்றால் 256. அப்புறம் டிரே வளைவை அளந்தேன். டிரே 300 மி.மீ. அகலம், வளைவின் உள் ரேடியஸ் 150-தான். ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. 150-இல் 256-ஐ எப்படி உட்கார வைப்பது? கேபிளை உள் ஓரத்தில் வைத்தால்தானே 150! வெளி ஓரத்தோடு ஒட்டி வைத்தால் 150-உடன் 300-ஐக் கூட்டி, கேபிள் தடிமன் 32-ஐக் கழித்தால் 418 வரைக்கும் இடம் இருக்கிறது. தடித்த கேபிள் டிரேயின் வெளி ஓரத்தில், சின்னது உள் ஓரத்தில். அண்ணன் இதைச் சொன்னதில்லை, அங்கே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

அளக்கவும் தரையில் கோடு போடவும் பதினைந்து நிமிடம் போயிருக்கும். பக்கத்தில் இருந்தவர் கிளாண்டே போட்டுவிட்டார். நான் இயல்பிலேயே மெதுவாக வேலை செய்பவன், அவசரப்பட்டால் கை நடுங்கும், அதனால் என் வேகத்திலேயே போனேன். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன், முதல் கால்மணி நேரம் கேபிளைத் தொடாமல் அளந்துகொண்டே இருந்தாலும் பரவாயில்லை. எனக்குக் கிளாண்டில் ஷ்ரவுட் (கிளாண்டை மூடும் உறை) மாட்ட நேரம் போதவில்லை, எர்த் டேக் (எர்த் வயர் இணைக்கும் தகடு) மட்டும் போட்டுவிட்டு நிறுத்தினேன்.

டெஸ்ட் எடுத்தவர் வயதானவர். வந்ததும் முதலில் பார்த்தது தரையில் இருந்த சாக்பீஸ் கோட்டை. "இது என்ன?" என்றார். 8 டி சார் என்றேன். "டி எப்படி எடுத்தாய்?" நூலைக் காட்டினேன். அதை வாங்கி அவரே கேபிளில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். பிறகு ஏன் உள் ஓரத்தில் வைக்கவில்லை என்று கேட்டார், 150, 256 என்று இரண்டு எண்ணைச் சொன்னேன். ஷ்ரவுட் ஏன் இல்லை என்று கேட்டார், நேரம் போதவில்லை என்று உண்மையைச் சொன்னேன். தாளில் ஏதோ எழுதிக்கொண்டு நூலைத் திருப்பிக் கொடுத்தார்.

இன்னும் சில விஷயங்கள். எண்களை இங்கிலீஷிலும் இந்தியிலும் சொல்லிப் பழகுங்கள், கேட்பவர் தமிழராக இருப்பார் என்று நம்பிப் போகாதீர்கள். ஏஜென்சிக்குப் பணம் கட்டும் முன் இ-மைக்ரேட் என்ற மத்திய அரசின் தளத்தில் அவர்கள் லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். சொந்தமாக ஒரு மீட்டர் டேப் எடுத்துப் போங்கள், அங்கே இருப்பதில் முதல் பத்து சென்டிமீட்டர் அழிந்திருக்கும்.

மெடிக்கல் முடிந்து விசா வரும்வரை ஊரில்தான் இருப்பேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் யாராவது கேபிள் டெஸ்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தால் ஒரு மெசேஜ் போடுங்கள். அந்த மூன்று மீட்டர் துண்டில் இன்னும் இரண்டு மீட்டர் வளைக்காத கேபிள் மிச்சம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளலாம்.