பண்ணவாடி, அடித்தண்ணீர்

ஏப்ரல் 4
மேட்டூர் அணையில் மூழ்கிக் கிடந்த சர்ச்சின் இரட்டைக் கோபுரம் வெளியே வந்துவிட்டது. கோட்டையூர் ஓரத்தில் பச்சை ஒதுங்க ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கு ஓரத் தண்ணீரை அள்ளவில்லை. காற்று எந்தக் கரைக்கு அடிக்கிறதோ அங்கேதான் பாசி போய்ச் சேரும். அங்கே ஒரு பாட்டில் பிடித்து அணை முழுக்க இப்படித்தான் என்றால் பொய். நடுத்தண்ணீருக்குப் பரிசலில்தான் போகவேண்டும்.

ஏப்ரல் 5
தண்ணீரின் தெளிவை அளக்கும் செக்கி தட்டு. 20 செ.மீ. விட்டம், கால்கால் பாகமாகக் கறுப்பு வெள்ளை. பரிசலின் நிழல் விழும் பக்கமாக இறக்கி, மறையும் ஆழம் ஒன்று, தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழம் ஒன்று, இரண்டுக்கும் சராசரி. காலை 10 முதல் 2 மணிக்குள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் கணக்கு கெட்டுவிடும். இன்று முழங்கை ஆழம்கூட இறங்கவில்லை, தட்டு மறைந்துவிட்டது.

ஏப்ரல் 9
விடியற்காலை 5 மணி. அடியிலிருந்து அரை மீட்டர் மேலே ஒரு தண்ணீர் மாதிரி. பரிசல் சுழலும், கயிறு சாயும், சாய்ந்தால் ஆழம் தப்பு. துடுப்பு போடுகிற அண்ணன் ஒரே பக்கமாக நிதானித்து நிறுத்தியதால் கயிறு நேராக நின்றது. கயிற்றில் எடைக்கட்டியை விட்டதும், மாதிரி எடுக்கும் குழாயின் இரண்டு மூடியும் சாத்திக்கொண்டன. குழாய் சேற்றில் முட்டியிருந்தால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டியதுதான்.

ஆக்சிஜன் சோதனைக்கு 300 மி.லி. பாட்டிலின் அடிவரை ரப்பர் குழாயை விட்டு, இரண்டு பாட்டில் அளவு வழிய விட்டேன். மாங்கனீசு சல்பேட் 1 மி.லி., கார அயோடைடு அசைடு 1 மி.லி., பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்க. மூடியின் கீழ் ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்கினேன்.

ஆக்சிஜன் இருந்தால் பழுப்பாகத் திரியும். இது வெள்ளை. நீர்த்த தயிர் போல, மெதுவாக, மேகம் மேகமாக இறங்கிப் பாட்டிலின் தோளுக்குக் கீழே படிந்தது. தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்க (டைட்ரேஷன்) ஒன்றுமே இல்லை. அடியில் ஆக்சிஜன் இல்லை.

ஏப்ரல் 10
மூழ்கிய கோயிலின் நந்தி சிலை, அதன் கொம்பு தெரிகிறது.

ஏப்ரல் 12
வெள்ளைப் படிவு கண்ணைவிட்டுப் போகவில்லை. எல்லோரும் மேலே மிதக்கிற பச்சையைப் பார்க்கிறார்கள், கரைசல் தெளிக்கிறார்கள், நாத்தம் குறைந்ததா என்று மறுநாள் மூக்கால் அளக்கிறார்கள். சேற்றைப் பார்ப்பவர் யார்? ஆக்சிஜன் உள்ளவரை சேற்றிலுள்ள இரும்பு பாஸ்பேட்டைக் கெட்டியாகப் பிடித்துவைக்கும். ஆக்சிஜன் போனால் இரும்பு கரையும், பிடி விட்டுப்போகும், பாஸ்பேட் தண்ணீருக்கு வரும். அதைத் தின்று பாசி வளரும், செத்து அடியில் விழும், அழுகும், அந்த அழுகல் மிச்ச ஆக்சிஜனையும் தின்னும். தண்ணீர் வற்றிய நிலத்தில் வெள்ளாமை வைத்துப் போட்ட உரமும் அடுத்த வெள்ளத்தில் இதோடு சேரும். மேலே எதைத் தெளித்தாலும் இந்தச் சுற்று நிற்காது.

அதனால் பாஸ்பேட் மாதிரி அடியிலிருந்தும் எடுக்கவேண்டும், பரிசலிலேயே 0.45 மைக்ரான் வடிதாளில் வடிகட்டவேண்டும். கரைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், காற்றுப்பட்ட இரும்பு துருவாகி பாஸ்பேட்டையும் இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். முடிவு குறைவாக வரும், "அடியில் ஒன்றுமில்லை" என்று எழுதிவிடுவார்கள்.

ஏப்ரல் 13
பாஸ்பேட் இருந்தால் நீலமாகும் சோதனையில், காய்ச்சி வடித்த வெறும் வடிநீரே நீலமாகிவிட்டது. யாரோ பாட்டில்களைச் சோப்புத்தூள் போட்டுக் கழுவியிருக்கிறார்கள். நேற்றைய ஒன்பது மாதிரியும் வீண். இனி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் மட்டும், பிறகு வடிநீரில் ஐந்து தடவை.

ஏப்ரல் 20
நுண்ணோக்கியில் மைக்ரோசிஸ்டிஸ் என்ற நீலப்பச்சைப் பாசி. பிய்ந்த பஞ்சு மாதிரி கொத்துக் கொத்தாக. பாசியைப் படியவைக்கும் லூகால் அயோடின் போட்டும் கீழே உட்காராமல் மிதக்கிறது, உடம்பில் காற்றுப் பைகள். ஊசிக்குழாயில் எடுத்து, வாயை விரலால் அடைத்துத் தண்டை ஓங்கி அழுத்தினால் பைகள் உடைந்து இறங்கிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் எண்ணவேண்டும். இதைச் செய்யாமல் எண்ணிய பழைய கணக்குகளை நம்ப எனக்கு மனமில்லை.

மே 2
மயில்துத்தம் போடலாமே என்று கேட்கிறார்கள். வேண்டாம், வேண்டவே வேண்டாம். செல் உடையும், உள்ளே இருக்கும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு மொத்தமாகத் தண்ணீரில் கலக்கும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு லிட்டருக்கு 1 மைக்ரோகிராம். காய்ச்சினாலும் இந்த நஞ்சு போகாது. கார அமிலநிலை (pH) 8-ஐத் தாண்டினால் குளோரினும் சரியாக வேலை செய்யாது. பாசி மொய்த்த தண்ணீரில் மத்தியானம் 9-ஐத் தொடும்.

மே 11
பகல் 2 மணிக்கு மேல்தண்ணீரில் ஆக்சிஜன் அளவுக்கு மீறி இருக்கிறது. இந்த எண்ணை மட்டும் பார்த்தால் இதைவிட நல்ல தண்ணீர் இல்லை என்று தோன்றும். வெயிலில் பாசி விடுகிற மூச்சு அது. ராத்திரி அதே பாசி திரும்ப இழுத்துக்கொள்ளும். விடியலில் அளக்காத பதிவு பதிவே இல்லை.

"நேத்து விட்ட வலை வழவழன்னு வருதுங்க, ஜிலேபி மட்டும் வாயைப் பொளந்துகிட்டு மேல நிக்குது" என்றார் அண்ணன். ஜிலேபி தாங்கும். கட்லாவும் ரோகும்தான் கவலை. அமோனியாவும் பார்க்கவேண்டும்: 30 டிகிரியில், கார அமிலநிலை 7-ல் நூற்றில் ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இருக்காது, 9-ல் ஏறக்குறையப் பாதி. ஒரே அமோனியா, காலையில் ஒன்றும் செய்யாது, மாலையில் மீனின் செவுளைக் கெடுக்கும்.

மே 12
வெள்ளை.

மே 19
வெள்ளை. மேலிருந்து மூன்று மீட்டரிலேயே.

ஜூன் 30
தயோசல்பேட் வலு குறைந்திருந்தது. மறுபடி தரம் பார்த்தாயிற்று. இனி வாரம் ஒருமுறை.

ஜூலை 14
ஒகேனக்கலில் தண்ணீர் கூடியிருக்கிறது. செந்நிறம். குளிர்ந்த கலங்கல் தண்ணீர் கனம், மேலோடு வராது, பழைய ஆற்றுப் பள்ளத்தைப் பிடித்து அடியோடு வரும். அப்படியானால் அடியிலிருக்கும் கெட்ட தண்ணீர் எங்கே போகும்? மேலேதான் தள்ளப்படும். அடுத்த நான்கு விடியலும் விடக்கூடாது. ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பாட்டில்.

ஜூலை 16
அடியில் படிவு மங்கின பழுப்பு. நடு ஆழத்தில் வெள்ளை.

ஜூலை 18
நந்தி முழுகிவிட்டது. கயிறு முழுவதும் விட்டும் அடி எட்டவில்லை. புதுக் கயிறு 20 மீட்டர். ஒரு ராத்திரி ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்துப்பிடித்து மீட்டருக்கு ஒரு முடிச்சாகக் குறியிடவேண்டும், காய்ந்த கயிற்றில் போட்ட குறி தண்ணீரில் இடம் மாறிவிடும்.